புறக்கடையில் கரடி, கல்லில் ஆம்லெட்

கல்யாணமாகி நடுவட்டத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தேயிலை ஃபேக்டரியில் என் கணவருக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். அவர் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும், பிளஸ் டூ படிக்கும் நாத்தனாரும்தான். தாயில்லாப் பெண். காய் வைத்து மடித்து அண்ணன் சுட்டுத் தரும் ஆம்லெட்தான் அவளுக்குக் காலைச் சாப்பாடு. என் சமையலைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள்.

அன்று நானே செய்துவிடுவது என்று துணிந்தேன். கேரட்டையும் வெங்காயத்தையும் வதக்கித் தனியே வைத்தேன். அடித்த முட்டையைக் கல்லில் ஊற்றி, மேல்பக்கம் லேசாக இறுகியதும் காயைப் பரப்பினேன். மடிக்கப் போகும்போது புறக்கடையில் தகரம் உருண்டது.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். காலி எண்ணெய் டின்னை நக்கிக்கொண்டிருந்தது கரடி. நாலடி தள்ளிக் குளியலறை. உள்ளே அவள் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறாள்.

"கண்ணு, கதவத் தொறக்காத!"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க அண்ணி. சும்மா கத்தாதீங்க."

"கரடி நிக்குது கண்ணு. தாப்பாளப் போட்டுட்டு அப்படியே இரு."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. கரடி தலையைத் தூக்கி மோந்தது. சமையலறைப் பக்கம் திரும்பியது. ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தோள் கொடுத்து நின்றேன். அடுப்பை அணைக்கவில்லை. முட்டை கருகத் தொடங்கியது. வெளியே மூச்சு விடுவது கேட்டது, நகம் பலகையைப் பிறாண்டியது. தட்டைத் தட்டிச் சத்தம் போட்டு விரட்டலாம். மிரண்டு குளியலறைப் பக்கம் பாய்ந்தால்? அங்கே இருப்பது வெறும் தகரக் கதவு. இங்கேயே நிற்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரமோ. பிறகு பிறாண்டல் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தபோது கீழே தேயிலைச் செடிகள் வரிசையாக அசைந்து அடங்கின.

கூப்பிட்டேன். அவள் வரவில்லை. விறகுக் கட்டையுடன் போய்க் கதவைத் தட்டினேன். ஈரத் தலையோடு வந்து என் கையைப் பிடித்தவள், வீட்டுக்குள் வந்தும் விடவில்லை.

"அண்ணி, அது உள்ள வந்திருந்தா?"

அடுப்பை அணைத்தேன். ஆம்லெட்டின் அடி கரியாகியிருந்தது. சுரண்டிவிட்டுத் தட்டில் வைத்தேன்.

"உப்புப் பத்தலீங்க அண்ணி" என்றாள். முழுவதும் தின்றாள்.

அடுத்த பஸ்ஸுக்கு நானே கூடப் போய் நின்றேன்.