உங்கள் மாமி டொக்டர் ஆகவில்லை

கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் உருண்டைகளும், அவற்றைத் தொடுக்கும் குச்சிகளும் உள்ள பெட்டி ஒன்று முன்பு எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பிள்ளைகளே, நீங்கள் இருவரும் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துப் பிடுங்குப்படுவீர்கள். அது என் ஒரே தங்கச்சியின், உங்கள் மாமியின் பெட்டி. இரசாயனம் படிக்கிறவர்களுக்கு அது பாடம். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒருநாள் அந்த உருண்டைகளைக் கோர்த்து சீனி எப்படியிருக்கும் என்று செய்து காட்டினாள். "இதைத்தான் அண்ணை தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி போடுறியள்."

பதினான்கு வயதில் என்னிடம் வந்து சேர்ந்தவள் அவள். பள்ளிக்கூடம் முடிய உயிரியல் படிக்க விரும்பினாள். "நாலு வருசத்தில வேலை வேணும். அகதியாய் வந்த எங்களுக்கு டொக்டர்க் கனவு என்னத்துக்கு?" என்று சொல்லி, கணக்கியலுக்கு அனுப்பியவன் நான். சொன்னபடியே போய்ச் சேர்ந்தாள். விருப்பமில்லாத படிப்பு, சனி ஞாயிறுகளில் கோப்பிக் கடையில் வேலை. புள்ளிகள் அரைகுறையாக வந்தன. பட்டம் எடுத்து ஆறு வருடம் வங்கியில் இருந்தாள். இருபத்தொன்பதாவது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, நாங்கள் இருந்த ரூஜிலிருந்து பஸ் பிடித்து பயோலொஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் வகுப்புகளுக்குப் போகத் தொடங்கினாள். இந்த நாட்டில் எந்தப் பட்டம் எடுத்தவரும் மெடிசினுக்குக் கேட்டுப் பார்க்கலாம்; ஆனால் கேட்பதற்கு முன்னம் அந்தப் பாடங்களை முடிக்க வேண்டும். அதை எனக்கு இரண்டு தடவை விளங்கப்படுத்தினாள். "லாபில பெடியள் என்னை ரீச்சர் எண்டு நினைச்சு டவுட் கேக்குறாங்கள்" என்று சிரிப்பாள்.

என் தலைக்குள் ஏறியது வேறு. ஊரில் ஏ.எல். பரீட்சை முடிவு வரும். மெடிசினுக்கு எடுபட்டால் எடுபட்டதுதான். அன்றைக்கே அந்தப் பிள்ளை டொக்டர். அந்த வகுப்புகளுக்குப் பல்கலைக்கழகம் அனுப்பிய அனுமதிக் கடிதத்தைக் கண்டதும் மோர்னிங்சைட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போன் அடித்தேன். "தங்கச்சி மெடிசினுக்கு எடுபட்டிட்டாள்!" பெரியம்மாவிடம் சொன்னால் ரேடியோவுக்குச் சொல்லத் தேவையில்லை. மகனே, உன் ஐந்தாவது பிறந்தநாள் மண்டபத்தில் மைக் பிடித்தவர், "எங்கட டொக்டர்த் தங்கச்சியும் கேக் வெட்ட வரட்டாம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் வந்தாள். காருக்குள் ஏறியதும் சொன்னாள்:

"அண்ணை, நான் இன்னும் விண்ணப்பமே போடேல்லை. ஏன் உப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எப்பிடியும் கிடைக்கும்தானே. கொஞ்சம் முந்திச் சொன்னதில என்ன குறை?"

அதற்குப் பிறகு கொண்டாட்டங்களில் அவளால் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. ஒருவர் பிரஷர் குளிசையை நீட்டுவார், இன்னொருவர் பிளேட்டோடு வந்து, "டொக்டர், ரெண்டு வடை தின்னலாமோ?" என்பார். புதிய பாடங்கள் எல்லாவற்றிலும் மிகத் திறமான புள்ளிகள் எடுத்தாள். இரண்டு வருடம் விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. பழைய பட்டத்தின் புள்ளிகளையும் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். நான் பிடித்துத் தள்ளிய அந்தக் கணக்கியல் வந்து குறுக்கே நின்றது. அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"வங்கிக்கே திரும்பிப் போறன் அண்ணை" என்று வந்து நின்றபோது, "களைச்சுப் போனியோ பிள்ளை" என்று ஒரு அண்ணன் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?"

அந்த மாதமே நாட்டின் மற்றப் பக்கம், கல்கரியில் வங்கி வேலை எடுத்துக்கொண்டு போனாள். எங்கே ஆளைக் காணோம் என்று பெரியம்மா கேட்டா. "அங்க மெடிசின் கிடைச்சிட்டுது" என்றேன். முதல் தடவை சொன்னது அறியாமை. இது அறிந்து சொன்ன பொய். மிச்ச வேலையைச் சனம் பார்த்துக்கொண்டது. வருடங்களை எண்ணி அவர்களே அவளை டொக்டராக்கி விட்டார்கள்.

ஒரு செத்த வீட்டுக்காக மட்டும் ஒருமுறை வந்தாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்து, "கல்கரியில பேஷன்ற்மார் நிறையவோ பிள்ளை?" என்று கேட்டா. அவள் என்னைப் பார்த்தாள். நான் என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தேன். "ஓம் பெரியம்மா" என்றாள். என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, பிரேதம் எடுக்க முன்னமே எயார்போட்டுக்குப் போய்விட்டாள்.

மகளே, உன் கலியாணத்துக்கு மாமி வரவேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்ததால் போன வாரம் போன் எடுத்தேன். ஆறுதலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வரலாம் அண்ணை. ஆராய் வாறது? வங்கியில வேலை செய்யிறவளாவோ, நீங்கள் சொல்லி வைச்ச டொக்டராவோ?"

"நீ வா பிள்ளை, பிறகு பாப்பம்."

"அப்ப நீங்கள் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றாள். கோபமில்லை, சிரித்த மாதிரியும் இருந்தது. உனக்குத் தன் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நேற்றுக் கலியாணக் கார்ட்டோடு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று காருக்குள்ளேயே பாடமாக்கிக்கொண்டுதான் போனேன். பெரியம்மா கார்ட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டு, "டொக்டர் வாறாவோ?" என்று கேட்டா.

"அவவுக்கு லீவு கிடைக்காதாம்" என்றேன்.