ஞானதாஸின் ஹாரன்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் போகும் தனியார் பஸ்ஸை ஞானதாஸ் ஓட்டிய காலத்தில், அந்த ஹாரனைக் கேட்டே ஆட்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொள்வார்கள். ஒருவரை முந்தப் போகும்போது ஒரு தடவை அடிப்பார், முந்தி முடித்ததும் இன்னொரு தடவை. “சொல்லாம தாண்டிக்கினு போறவன் திருடன்” என்பது அவர் கட்சி. கல்யாணப் பந்தியில் ஆளைத் தாண்டி உட்காரக்கூட இவர் ஹாரன் அடிப்பார் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். அடிக்கட்டுமே. அத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை.

இரண்டாயிரத்து ஆறில் கண் அவரைக் கைவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டு வந்தது. நேரே இருப்பது பளிச்சென்று தெரியும், பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியமாட்டார். சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தை இழுத்துப் பிடிக்கலாம், போனது வராது, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞானதாஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு, அதே பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார்.

அவர் போகும் சர்ச்சுக்கே வருகிற ஜாய்ஸ், புதுப்பட்டினம் மார்க்கெட் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வரும்வரை மதியத்தில் அங்கே ஈ ஓட்டுவதுதான் வேலை. ஃபேன் காற்றுக்காக வந்து உட்கார்ந்த ஞானதாஸை, ஒருநாள் அவள் ரேஸ் விளையாடும் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்து உட்காரவைத்தாள். மேஜையில் பிளாஸ்டிக் ஸ்டியரிங், அதில் ஹாரனுக்கு ஒரு பட்டன்.

மாயம் போலத்தான் இருந்தது. அந்தச் சின்ன மானிட்டர் அவருக்கு மீந்திருந்த பார்வைக்குள் கச்சிதமாக அடங்கியது. உள்ளே ஒரு கடலோர ரோடு. எந்நேரமும் சாயங்கால வெயில், இடது பக்கம் தண்ணீர் மினுமினுத்துக்கொண்டே வரும், எதிரே ஆடு மாடு கிடையாது. மாமல்லபுரம் ரோட்டைத்தான் யாரோ கழுவித் துடைத்து உள்ளே போட்டுவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. சில நாள் தனியாகவே ஓட்டினார். கண் திறந்தபடியே தூங்குகிறாரோ என்று ஜாய்ஸ் எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

பிறகு அவள் இன்டர்நெட்டில் மற்றவர்களோடு சேர்த்துவிட்டாள். வந்தது வினை. எந்தெந்த நாட்டுக்காரர்களோ, குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் மாதிரி பின்னால் வந்து மோதினார்கள், வளைவில் தள்ளிவிட்டுப் போனார்கள். அதிலும் ஒரு மஞ்சள் கார் இவரைக் கண்டாலே வந்து இடிக்கும்.

“இன்னா ஜாய்சு இவனுங்க, லைசன்ஸ எவன் குட்த்தான்?”

ஜாய்ஸ் திரையில் ஓடிய எழுத்துகளைப் படித்தாள். “உங்களத்தான் திட்றானுங்கண்ணே. ஹாரன் அட்ச்சு வம்புக்கு இழுக்கிறீங்களாம். அவுங்க ஊர்ல அது கெட்ட வார்த்த மாரியாம்.”

மரியாதைக்குச் செய்தது மரியாதைக் கேடாகிவிட்டதே.

அடிப்பதை நிறுத்தினார். இடி குறைந்தது, நிற்கவில்லை. ஆத்திரப்பட்டு வருகிறவனுக்கு வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி வழிவிட்டார், அவன் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டான். ஆனாலும் பக்கவாட்டில் வருகிறவன் வேகம் பிடித்துத் திரைக்குள் நுழையும்போது காலம் கடந்திருக்கும். ஓர் ஆட்டமாவது யாரையும் இடிக்காமல், யாரும் இடிக்காமல் கடைசிக் கோடு வரை போகவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கும் அவசரம் வந்துவிட்டது. திரை மூலையில் தெரிந்துகொண்டிருந்த வேக எண்ணைப் பார்க்க, இப்போது தலையைத் திருப்பவேண்டியிருந்தது.

“என் கண்ணு கதைய எவனுக்கும் சொல்லிடாதம்மா” என்று ஜாய்ஸிடம் கேட்டுக்கொண்டார்.

அந்த வாரம் மஞ்சள் கார் தானே சறுக்கி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. பின்பக்கத்தை உரசிக்கொண்டு போக இடமிருந்தது. ஞானதாஸ் பிரேக் போட்டு நின்றார். அது திரும்பட்டும் என்று காத்திருந்தார். பின்னால் வந்தவன் இவரை மோதிப் புல்லில் தள்ளினான். ஆட்டம் போயிற்று.

முடிந்ததும் மஞ்சள் கார்க்காரன் எழுதியிருந்தான், எதற்காக நின்றாய் என்று. ஜாய்ஸ் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துத் தட்டத் தொடங்கினாள்.

“இன்னா அடிக்கிற?”

“ஒண்ணுமில்லண்ணே. நீங்க நேரா பாருங்க.”

அடுத்த ஆட்டம். கடல் மினுமினுத்தது. பாதி தூரம் போயிருப்பார், ஹெட்போனில் வலது காதோரம் ஒரு ஹாரன் கேட்டது. ஒரே ஒரு தடவை, சின்னதாக. திரையில் எதுவும் தெரியவில்லை. ஞானதாஸ் பழக்கத்தில் இடது ஓரம் ஒதுங்கினார். மஞ்சள் கார் நிறைய இடம்விட்டு நிதானமாகத் தாண்டிப்போனது. தாண்டி முடித்ததும் இன்னொரு தடவை அடித்தது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு காரும் அப்படியே அடித்துக்கொண்டு தாண்டியது. அப்புறம் இன்னொன்று.

ஜாய்ஸ் சொல்லிவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, பஸ் ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதுபோல பக்கத்து நாற்காலி மேலே நீட்டி, போ போ என்று ஆட்டினார். கடைசி ஆளாகக் கோட்டைத் தொட்டபோதும் அந்தக் கை வெளியேதான் இருந்தது.