பதினொன்றாம் வளைவில் டீசல் மருந்து

இது கட்டுக்கதை இல்லை. எனக்கு நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை, கண் கூசுகிற பகலில். "புருஷன் போன துக்கத்தில் பாயம்மாவுக்கு மூளை குழம்பிப்போச்சு" என்று உக்கடத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். நம்பாதவர்கள் என் லாரியில் ஒரு தடவை வால்பாறை வரை வந்து பார்க்கட்டும்.

என் பெயர் தாஜுன்னிசா. கோயமுத்தூர் கோட்டைமேடு. என் வீட்டுக்காரர் அப்துல் வஹீது சொந்தமாக லாரி ஓட்டியவர். 1995 கடைசியில் நெஞ்சுவலியில் போய்விட்டார். நாலு மாசம் பத்து நாள் வெளியே போகாமல் இத்தா இருந்து முடித்த மறுநாளே என் கொழுந்தன் ரைஹான் வந்து நின்றான்.

"லாரியை வித்துடலாம் அண்ணி. பொம்பளை லாரி நடத்துறதெல்லாம் ஆகுற காரியமா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த லாரி போனால் நானும் என் மகள் நிதாவும் ரைஹான் வீட்டுச் சோற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு நான் ஆளில்லை.

"ஒரே ஒரு லோடு வழியில நின்னுச்சுன்னா நீயே வித்துக்க. அதுவரைக்கும் வண்டி ஓடும்," என்றேன்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, லாரி பழையது. 1990இல் அவர் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஆனால் கரும்புகை கக்கியதில்லை. மேட்டில் திணறியதும் இல்லை. காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். டூல்ஸ் பெட்டிக்குள் முக்கால் பாட்டில் மருந்து இருந்தது. டீசலில் கலக்கிற மருந்து. முதலில் டேங்கில் ஒரு மூடி மருந்து ஊற்ற வேண்டும், அதற்கு மேல் டீசல் பிடிக்க வேண்டும், அப்போதுதான் நன்றாகக் கலக்கும் என்று பாட்டிலிலேயே போட்டிருந்தது. பம்ப் தேயாது, டீசலைத் தெளிக்கிற நாசில் அடைக்காது. அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வலது கையில் அந்த வாசனை இருக்கும். மண்ணெண்ணெயும் கற்பூரமும் கலந்த மாதிரி. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். போகாது.

பொள்ளாச்சிக்காரர் வேலுமணியை டிரைவராக வைத்தேன். நானும் லோடுக்கு லோடு கேபினில் ஏறிக்கொண்டேன். மருந்து என்றதும் அவருக்குச் சிரிப்பு.

"லாரிக்குக் கசாயமுங்களா பாயம்மா?"

"ஆமா. டீசல் போடறப்பெல்லாம் ஊத்தணும்."

"செரிங்க."

அந்தச் 'செரிங்க' எனக்குப் பிடிக்கவில்லை. மருந்து நின்ற அளவுக்குப் பாட்டிலைச் சுற்றிச் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவைத்தேன். முதல் லோடு முடிந்து பார்த்தால் நூலுக்குக் கீழே இறங்கியிருந்தது. அடுத்த லோடிலும் இறங்கியது. சிரித்தாலும் மனுஷன் சொன்னதைச் செய்கிறார் என்று நிம்மதியானேன்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் உறுத்தின. டேங்க் மூடி எப்போது பார்த்தாலும் ஈரம். வண்டி நிற்கும்போது யாரோ டேங்கை விரலால் தட்டுகிற சத்தம்... டொக், டொக், டொக். வேலுமணி அப்போது டீக்கடையில் இருப்பார். சொன்னால், "தகரம் வெயிலுக்கு விரியுதுங்க" என்பார். நானும் விட்டுவிட்டேன்.

மே மாதம். வால்பாறைக்கு அரிசி மூட்டை ஏற்றியிருந்தோம். ஆழியாறு தாண்டி மலை ஏறினோம். பதினொன்றாம் கொண்டை ஊசி வளைவு. உச்சி வெயில். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை.

எஞ்சின் இருமியது.

மறுபடியும் இருமியது. அப்புறம் நின்றேவிட்டது. லோடு வண்டி ஒரு அடி பின்னால் நகர்ந்தது. வேலுமணி கை பிரேக்கை இழுத்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டு குதித்தார். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். நானும் இறங்கினேன். ரைஹான் முகம்தான் கண் முன்னால் வந்தது.

"இன்னைக்கு மருந்து ஊத்துனீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க பாயம்மா... நான் ஒருக்காக்கூட ஊத்துலீங்க."

"பொய் சொல்லாதீங்க. பாட்டில் குறைஞ்சிருக்கு."

"எம்புள்ளை மேல சத்தியமுங்க. நான் தொட்டதே இல்லீங்க."

டொக்... டொக்... டொக்.

டேங்க் பக்கம்.

நாங்கள் இருவரும் இந்தப் பக்கம் நிற்கிறோம். சுற்றிக்கொண்டு போனேன். வேலுமணி பின்னாலேயே வந்தார்.

டேங்க் மூடி திறந்து கிடந்தது.

களக்... களக்... களக்...

உள்ளே எதையோ ஊற்றுகிற சத்தம். பாட்டில் இல்லை. ஆள் இல்லை. வாசனை மட்டும் வந்தது. அதே வாசனை.

தார் ரோட்டில் ஈரக் கால் தடம். வெறுங்கால். டேங்கிலிருந்து டிரைவர் கதவு வரை போய்த் திரும்பியிருந்தது.

வேலுமணி மாசாணியம்மனைக் கூப்பிட ஆரம்பித்தார். எனக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. யாரையாவது செருப்போடு அடக்குவார்களா? என்னை விட்டுக்கொடுக்காமல் என் வீட்டுக்காரர் வெறுங்காலோடு வந்திருக்கிறார். அப்படித்தான் நினைத்தேன்.

"ஊத்துங்க," என்றேன் சத்தமாக. "வண்டி இங்க நிக்கக் கூடாது. எனக்கு ஒரு பயமும் இல்ல."

சத்தம் நின்றது.

என் வலது கை மேல்... சில்லென்று... இன்னொரு கை.

ஒரு நொடிதான்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆனது.

வேலுமணி என் பக்கத்தில் நின்றிருந்தார்.

சாவி அவர் கையில் இருந்தது.

அவர் ஏற மாட்டேன் என்றார். "நீங்க ஏறுங்க. இல்லைன்னா எது கிளட்ச், எது பிரேக்குன்னு சொல்லிட்டுப் போங்க, நானே ஓட்டிக்கறேன்," என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். லோடு நேரத்துக்கு இறங்கியது. எஞ்சின் ஒரு தடவைகூட முனகவில்லை. ஆனால் பாட்டில் காலியாகியிருந்தது.

மறுநாள் காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு உக்கடத்தில் பாலுசாமியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் வழக்கமாகப் போகும் கடை. பாலுசாமி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வாரது நின்னு ஆறு வருசமாச்சுங்களே. எங்கீங்க கெடைச்சுது?"

"எங்க வீட்டுக்காரர் வாங்கினது."

"பாயிங்களா? அவரு இதைத் தொடவே மாட்டாருங்க. இந்தத் தண்ணிக்கு எதுக்குக் காசுன்னு சிரிப்பாரு. ஒரு பாட்டில்கூட வாங்குனதில்லீங்க."



"அப்ப இது யாரோடது?"

"பாய் வாங்கறதுக்கு முன்னால உங்க வண்டியில இருந்த டிரைவர், அப்புசாமின்னு. காலுக்குச் செருப்பே போடமாட்டாருங்க. ஊத்திப்போட்டு டேங்கை மூணு தட்டுத் தட்டுவாரு. கடைசியா வாங்கிட்டுப் போன அன்னைக்கு மொதலாளி அவசரப்படுத்தி ஊத்த உடலையாம். மலையில எஞ்சின் நின்னு, வண்டி பின்னால உருண்டுபோச்சுங்க. ஆளு அங்கயே முடிஞ்சுது."

"எந்த வளைவு?"

"பதினொண்ணுங்க."

 பாலுசாமி பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

"பேசாம வித்துப்போடுங்க அந்த வண்டிய."

"வண்டி என்னுது," என்றேன். "சம்பளம் வாங்காம ஒருத்தர் மருந்து ஊத்துறாருன்னா எனக்கென்ன நஷ்டம்? வேற கம்பெனி மருந்து இருந்தா ரெண்டு பாட்டில் குடுங்க."

வீறாப்பாகத்தான் வீட்டுக்கு வந்தேன். ராத்திரி நிதாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன். முதல் வாயிலேயே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன் கையில அத்தா கை வாசனை வருதும்மா."

மருந்தைத் தொடாத என் வீட்டுக்காரரின் வலது கையில் அந்த வாசனை எப்படி இருந்தது... அப்போதுதான் யோசித்தேன். பதினொன்றாம் வளைவில் அந்தச் சில்லென்ற கை பட்டதும் என் வலது கையில்தான்.

லாரியை இன்று வரை விற்கவில்லை. விற்கவும் மாட்டேன். கையைத்தான் கழுவிக்கொண்டே இருக்கிறேன்.