ரோவீனா எழுதிக் கொடுத்த பதினோரு பக்கம்

கூரண்டில் என்ற ஆஸ்திரேலியச் சிற்றூரில் காலை ஆறு மணிக்குக் குப்பை லாரிச் சத்தம் கேட்டால் ரோவீனா பாஸ்கோ வந்துவிட்டாள் என்று அர்த்தம். பத்தொன்பது வருஷத்தில் லாரி நீலமாக இருந்து, பச்சையாகி, ஊதாவானது. சட்டையில் கம்பெனிப் பெயரும் கூடவே மாறியது. குப்பை மட்டும் கட்சி மாறவில்லை.

நகராட்சி ஏழு வருஷத்துக்கு ஒருமுறை குப்பை ஒப்பந்தத்துக்கு டெண்டர் விடும். பழைய கம்பெனி போகும், புதுசு வரும், டிரைவர்கள் தாங்கள் பார்க்கிற வேலைக்கே மறுபடி மனுப் போடுவார்கள். வேலை கிடைக்கும், சர்வீஸ் மட்டும் பூஜ்யத்தில் தொடங்கும். ஒரே முதலாளியிடம் பத்து வருஷம் இருந்தவர்களுக்குக் கிடைக்கும் நீண்ட விடுப்பு ரோவீனாவுக்கு எட்டியதே இல்லை. காகிதத்தில் அவள் எப்போதும் புது ஆள்.

அந்த முறை டெண்டருக்கு முன்னால் சிட்னியிலிருந்து ட்ரென்ட் கில்பி என்றொருவன் டெப்போவுக்கு வந்தான். முப்பது வயது, பளபளக்கும் பூட்ஸ், எல்லாருக்கும் கறி அடைத்த சூடான மீட் பை.

"நாங்களும் போட்டியில இருக்கோம். ஜெயிச்சா உங்கள்ல ஒருத்தரையும் வேலைய விட்டு அனுப்பமாட்டோம். இந்த ஊரு நெளிவு சுளிவ மட்டும் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றான்.

ரோவீனா இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினாள். எந்த முட்டுச்சந்தில் லாரி திரும்பாது, எந்தக் கிழவருக்கு இடுப்பு வலி, அவர் தொட்டியை நாம்தான் வெளியே இழுக்க வேண்டும், எல்லாம்.

ட்ரென்டின் கம்பெனி ஜெயித்தது. மறுவாரமே 'ஆட்கள் தேவை' விளம்பரம் வந்தது. நேர்காணலில் ட்ரென்டே உட்கார்ந்திருந்தான்.

"மாற்றத்த நீங்க எப்படி எதிர்கொள்வீங்க? ஒரு உதாரணம் சொல்லுங்க."

"மூணு கம்பெனிச் சட்டை போட்டுப் பாத்துட்டேன். போதுமா, இன்னும் வேணுமா?"

ஒன்பது டிரைவர்களில் ஐந்து பேருக்கு வேலை இல்லை. எங்கள் நிறுவனப் பண்பாட்டோடு நீங்கள் பொருந்தவில்லை என்றது ரோவீனாவுக்கு வந்த கடிதம். இருபது வருஷமாக அங்கே வண்டி ஓட்டிய டோங்கா தீவுக்காரன் விலியாமிக்கும் அதே கடிதம்.

"பண்பாடா? குப்பைக்கா?" என்றான் விலியாமி. "அடுத்த தடவ தொட்டியத் தூக்கறதுக்கு முன்னாடி கும்பிடு போட்டுப் பாக்கணும் ரோ."

ரோவீனா சிரித்தாள். வீட்டுக்குப் போய், வண்டியை நிறுத்திவிட்டு, அதிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வேறு வேலைக்கு மனு அச்சடிக்கப் போன நூலகத்தில், பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்த நகராட்சிக் காகிதங்களைச் சும்மா புரட்டினாள். ஜெயித்த கம்பெனியின் டெண்டரில் 'எங்கள் உள்ளூர் அனுபவம்' என்று ஓர் இணைப்பு. அழகாகத் தட்டச்சு செய்த அவளுடைய பதினோரு பக்கம்.

நகராட்சிக் கூட்டத்தில் பொதுமக்களுக்கு மூன்று நிமிஷம் தருவார்கள். ரோவீனா எழுந்து, கம்பெனியின் அனுபவத்தைச் சத்தமாக வாசித்தாள்.

"ஹெரன் சந்துல ஒரு கெழட்டு வாத்து குறுக்க படுத்திருக்கும். ஹார்னுக்கு மசியாது. எறங்கிப் போய்க் கெஞ்சணும்." நிமிர்ந்து பார்த்தாள். "இந்தப் பக்கத்துக்குத்தான் நீங்க மார்க் போட்டீங்க. அந்த வாத்துக்கிட்டக் கெஞ்சினவ நான். அனுபவம் அவங்களுதாம், வேலை இல்லாதது மட்டும் என்னுதாம்."

கூட்டமே சிரித்தது. மேயரும் சிரித்தார், பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று உறைத்தது போல முகம் சிவந்தார். போட்ட ஒப்பந்தத்தை மாற்ற முடியாது என்று நகராட்சி வக்கீல் சொன்னார். ஆனால் ஆள் போதாமல் இரண்டு வாரமாக அள்ளாத குப்பை நாறிக்கொண்டிருந்ததால் கம்பெனியே ஐந்து பேரையும் கூப்பிட்டுக்கொண்டது. பண்பாடு அதற்குள் பொருந்திவிட்டது. இனிமேல் எந்தக் கம்பெனி வந்தாலும், வேலையில் இருக்கும் அத்தனை பேரையும் அதே சம்பளத்தோடும் சர்வீஸோடும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நகராட்சி ஒரு விதியும் போட்டது.

அந்த விதி முதல்முதலாக யாருக்கு உதவியது என்பதுதான் கூத்து. நஷ்டம் தாங்காமல் மூன்றே வருஷத்தில் ட்ரென்டின் கம்பெனி ஒப்பந்தத்தைக் கைகழுவியது. வந்த புதுக் கம்பெனி டிரைவர்களை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. உள்ளூர் மேனேஜராக இருந்த ட்ரென்ட் மட்டும் வேண்டாம், தங்களிடம் ஆள் இருக்கிறது என்றது.

அதற்குள் ரோவீனா தொழிற்சங்கப் பிரதிநிதி. ட்ரென்ட் அவளைத் தேடி வந்தான். பூட்ஸில் பளபளப்பு இல்லை. மனைவிக்கு ஏழாம் மாசம்.

"அந்த விதி எனக்கும் பொருந்துமா?"

"அத்தன பேரும்னு எழுதியிருக்கு."

விலியாமி பொரிந்து தள்ளினான். "உனக்குப் பைத்தியமா ரோ? பண்பாடு பொருந்தலன்னு எழுதிக் குடுத்து அனுப்புவியா, அத விட்டுட்டு!"

"ஆளப் பாத்து விதியப் பிரிச்சா அடுத்தது உன் பேர அடிப்பாங்கடா. அவனப் புடிக்கலன்னு நான் வெளியில சொல்லிக்கிறேன். உள்ள போய் அவனுக்காகப் பேசறேன்."

பேசினாள். புதுக் கம்பெனி முனகிக்கொண்டே ட்ரென்டுக்கு 'தொடர்பு அலுவலர்' என்று ஒரு பெயரும் மூலையில் ஒரு மேஜையும் கொடுத்தது. அவன் ரோவீனாவுக்கு நன்றி சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை.

சில வருஷம் கழித்து, சர்வீஸ் பத்து வருஷத்தைத் தொட்டதும், ரோவீனா தன் முதல் நீண்ட விடுப்புக்கு விண்ணப்பித்தாள். படிவம் ட்ரென்ட் மேஜையிலிருந்து திரும்பி வந்தது. மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதாம்.

அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். கையெழுத்துப் போட்டாள். பதின்மூன்று வாரம் டார்வினில் தங்கை வீட்டில் இருந்து மீன் பிடித்தாள்.