அண்ணன் துடைத்த திரள்கள்

அண்ணனுக்கு அச்சகத்தில் படம் சுத்தம் செய்யும் வேலை. ஸ்கேன் செய்த படங்களில் ஒட்டியிருக்கும் தூசி, முடி, கைரேகை எல்லாவற்றையும் கணினித் திரையில் தேடித்தேடி நீக்குவார். வீட்டிலும் அதே கண்தான். சாப்பிட உட்காரும் முன் தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். "கழுவியாச்சு, அச்சுக்கு அனுப்பலாம்" என்பார் அண்ணி.

அறிவியல் காட்சிக்கூடத்துக்காக ஒரு பெரிய சுவர்ப்படம் வந்தது. நடுவில் நமக்கு அருகிலுள்ள ஒரு சுருள் விண்மீன் திரள். சுற்றிலும் அதன் அண்டைத் திரள்கள். அருகில் என்றால் ஒரு கோடி ஒளியாண்டுக்கும் மேல். அண்ணனிடம் வந்தது படம் மட்டும்தான். கூர்மையான புள்ளிகளை நட்சத்திரம் என்று விட்டுவிட்டார். பஞ்சுத் துணுக்குபோல் மங்கலாக இருந்தவற்றைத் தூசி என்று துடைத்தார். அண்டைத் திரள்கள் அத்தனையும் போயின.

பெயர்களையும் அம்புக்குறிகளையும் பிறகு சேர்த்த இன்னொரு ஊழியர், கூடத்தார் கொடுத்த மாதிரியைப் பார்த்து இடம் பிசகாமல் வைத்துவிட்டார். அச்சாகி, கூடத்தில் மாட்டிய பிறகுதான் அண்ணன் பார்த்தார். அம்புகள் எல்லாம் வெறும் கறுப்பைக் காட்டின.

"அக்கம்பக்கத்தையே காலி பண்ணிட்டியேப்பா" என்று சிரித்தார் முதலாளி.

"மறுபடி அடிச்சுடலாம் சார். அசல் படம் என்கிட்ட இருக்கு."

"யாரும் கேக்கல. நீ ஏன் கிளப்புற?"

விடுமுறை நாளில் அண்ணன் கூடத்து அதிகாரியிடம் போனார். தூரிகையும் வெள்ளை மையும் கொண்டுபோயிருந்தார்.

"கண்ணாடி போட்டாச்சுங்க. பிரிக்கணும்னா மேல கேக்கணும்."

அடுத்த மாதம் போனார். "கேட்டீங்களா சார்?"

"கேக்கணும்."

அதிகாரிகள் மாறினார்கள், பதில் மாறவில்லை. வாசல் காவலாளி மட்டும், "வாங்க, கேலக்ஸி கிடைச்சுதா?" என்று விசாரிப்பார்.

"விட்டுத் தொலைங்களேன்" என்றார் அண்ணி ஒருநாள்.

"வேலையைத் தப்பா செஞ்சிருந்தா விட்டிருப்பேன். சுத்தமா செஞ்சேன். அதான் எரியுது."

போன மாதம் அண்ணன் இறந்துபோனார். நேற்று நான் கூடத்துக்குப் போனேன். படம் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அம்புகளின் முனையில், கண்ணாடிமேல், எதையோ தேடித் தொட்ட பார்வையாளர்களின் விரல் தடங்கள் பஞ்சுத் துணுக்குபோல் மங்கல் வெள்ளையாகப் படிந்திருந்தன. நான் நின்று பார்ப்பதைக் கண்டு காவலாளி துணியோடு வந்தார்.

"இருக்கட்டும், துடைக்காதீங்க."

"ஏங்க, அழுக்குதானே?"

நான் வாய் திறப்பதற்குள் துடைத்துவிட்டார்.