ஏதென்ஸ் முறைப்படி

கிரேக்கச் சட்டப்படி வேலையை விட்டு அனுப்பப்பட்டவன் திருவனந்தபுரத்தில் என்னைத் தவிர இன்னொருவன் இருக்க வாய்ப்பில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்லும் பொறுப்பும் எனக்கு உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பாரலல் காலேஜ் நடத்திவந்தோம். கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் பல்கலைக்கழகத்தில் பிரைவேட்டாகப் பதிவு செய்துகொண்டு எங்களிடம் வந்து படிப்பார்கள். முதலாளி என்று யாரும் கிடையாது, வருவதை நால்வரும் பகிர்ந்துகொள்வோம். எங்களில் மூத்தவர் இங்கிலீஷ் சார், வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். மலையாளம் டீச்சர் பஸ் மாறி வருவார், ஒரு நாளும் தாமதித்ததில்லை. எகனாமிக்ஸ் சார் பாறசாலைப் பக்கம். அரசு வேலைக்கான பரீட்சை எழுதி ரேங்க் லிஸ்டில் பெயர் வந்து, உத்தரவுக்காகக் காத்திருந்தார். நான் ஹிஸ்டரி. ஆரியசாலையில் என் அப்பாவுக்கு மிளகாய் வற்றல், மல்லி மொத்தக் கடை. அந்தக் கடையில் உட்காராமல் இருப்பதற்காகவே எம்.ஏ. வரைக்கும் படித்தவன் நான்.

கல்லூரி என்பது ஒரு பழைய ஓட்டு வீடு. அறைகளுக்கு நடுவே பிளைவுட் தட்டிகள்தான் சுவர், அவையும் மேலே வரை எட்டாது. ஆகையால் ஒருவர் நடத்தும் பாடம் எல்லோருக்கும் கேட்கும். என் மாணவர்கள் இங்கிலீஷ் சாரின் இலக்கணத்தைக் காசில்லாமல் கற்றார்கள். என் சக ஆசிரியர்கள் அதே வழியில் கிரீஸைக் கற்றார்கள்.

உலக நாகரிகங்கள் என்று ஒரு பேப்பர். அதில் எனக்குப் பிடித்தது கிரீஸ்தான். எகிப்தைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள், கிரீஸைப் பற்றிச் சொன்னால் கேள்வி கேட்பார்கள். ஏதென்ஸின் சந்தையை நம் ஊர்ச் சாலை பஜார் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் வழக்கு விசாரணை, நடுவே நின்று நீதி என்றால் என்ன என்று தர்க்கம் செய்யும் நாலு பேர். சாலையில் எல்லாம் இருக்கு, அந்த நாலு பேரைத்தான் காணோம் என்று ஒரு பெண் சொன்னாள். கடை வைத்துப் பொருள் விற்பவனை அந்தக் கிரேக்கப் பெரிய மனிதர்கள் அவ்வளவாக மதித்ததில்லை என்ற பகுதி வரும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகப் போய்விடுவேன்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது ஓட்டுச் சில்லு வழக்கம். ஊரில் ஒருவன் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டான், இவன் இருந்தால் சிக்கல் என்று தோன்றினால், குடிமக்கள் கூடி ஆளுக்கொரு உடைந்த பானையோட்டுச் சில்லில் பெயர் கீறிப் போடுவார்கள். அதிகம் பேர் எழுதிய பெயருக்குரியவன் பத்து வருஷம் ஊரை விட்டுப் போகவேண்டும். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. வீடும் நிலமும் அவனுடையதே, மானத்துக்கும் குறைவில்லை. தவணை முடிந்ததும் திரும்பி வரலாம். பெரிய போர் வந்தபோது தவணைக்கு முன்பே திரும்ப அழைத்ததும் உண்டு. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு என்று தட்டிக்கு அப்பாலும் கேட்கும்படி வியந்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் படிக்கும் பிரீடிகிரியைக் கல்லூரிகளிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடங்களுக்கு மாற்ற ஆரம்பித்ததும் எங்களிடம் படிக்க வந்த கூட்டம் கலைந்தது. முன்வரிசை பெஞ்சுகளே நிறையவில்லை. வருவது மூன்று பேருக்குத்தான் காணும், ஒருவர் விலகித்தான் ஆகவேண்டும் என்பது நால்வருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பேச்சுக்காகவே சனிக்கிழமை தோறும் உட்காருவோம். யார் என்று வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் மனம் வராது. டீ குடித்துவிட்டுக் கலைவோம்.

கடைசியில் இங்கிலீஷ் சார்தான் அதைச் சொன்னார்.

“உங்க ஏதென்ஸ்காரா பண்ணினாப்ல பண்ணிடலாமே சார். யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்.”

எல்லோருக்கும் பாரம் இறங்கியது போல் இருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன். நானே உற்சாகமாக விதிகளைச் சொன்னேன். காரணம் கேட்கக்கூடாது. போகிறவருடைய பெஞ்சும் டெஸ்க்கும் அவர் பங்காகவே இருக்கும். பத்து வருஷத்தை ஒரு கல்வியாண்டாகக் குறைத்துக்கொண்டோம். ஏதென்ஸில் ஆறாயிரம் பேராவது சில்லு போடவேண்டும், இங்கே நாலு பேர் போதும் என்று தீர்மானித்தோம். காகிதத்தில் எழுதிப் போட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஓடுதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எகனாமிக்ஸ் சார் பின்கட்டுக்குப் போய், கூரை மாற்றியபோது குவித்துவைத்திருந்த உடைந்த ஓடுகளில் நாலைப் பொறுக்கிக் கழுவிக்கொண்டு வந்தார். கீறுவதற்கு ஆணி இல்லாததால் சாக்பீஸ் எடுத்தோம்.

நான் எகனாமிக்ஸ் சார் பெயரை எழுதினேன். அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. உத்தரவு வந்தால் எப்படியும் போகப்போகிறவர், கொஞ்சம் முன்னால் போகட்டுமே என்று கணக்குப் போட்டேன். எழுதிய பக்கம் கீழே இருக்கும்படி மேஜைமேல் வைத்தோம். மலையாளம் டீச்சர் ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

ஒன்றை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. வருஷக்கணக்காக ஒருவர் கரும்பலகையை இன்னொருவர் அழித்துவந்தவர்கள் நாங்கள். யாருடைய சாக்பீஸ் எழுத்து எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். இங்கிலீஷ் சாரின் சாய்ந்த எழுத்து, டீச்சரின் வட்ட வட்டமான மலையாளம், எகனாமிக்ஸ் சார் பாடத் தலைப்புக்குப் போடும் அடிக்கோடு. மூன்றிலும் என் பெயர் இருந்தது. நாலாவதில் என் எழுத்தில் எகனாமிக்ஸ் சாரின் பெயர். அவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கோபித்துக்கொள்ளவில்லை.

காரணம் கேட்கக்கூடாது என்று விதி செய்தவன் நான். ஆகவே கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. இங்கிலீஷ் சாருக்குக் கல்யாண வயதில் பெண் இருந்தாள். டீச்சர் வீட்டில் அவர் சம்பாத்தியம் மட்டும்தான். வேலை உத்தரவு இன்று வரும் நாளை வரும் என்பது வந்தால்தான் நிச்சயம். எனக்கு மட்டும் போய் உட்கார ஒரு கடை இருந்தது. மூன்று பேரும் தனித்தனியாக யோசித்து, நல்ல மனதோடு, ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். ஒருவருக்காவது என்மேல் வெறுப்பு இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எந்தக் கடையில் உட்காரக்கூடாது என்று நான் படித்தேனோ, அந்தக் கடைதான் என்னை வெளியே தள்ளியது. அன்று எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை கடைக்குப் போனபோது அப்பா என்ன ஏது என்று கேட்கவில்லை.

“வந்தாச்சா? அந்த மல்லி மூட்டைய உள்ள தள்ளிப் போடு” என்றார்.

ஓணம் கழிந்து சில வாரங்களில் எகனாமிக்ஸ் சாருக்கு உத்தரவு வந்துவிட்டது. இங்கிலீஷ் சார் கடைக்கு வந்தார். வற்றல் நெடியில் தும்மிக்கொண்டே, ஏதென்ஸிலும் அவசரமென்றால் முன்கூட்டியே கூப்பிட்டிருக்கிறார்களே என்று என் பாடத்தை எனக்கே ஒப்பித்தார். நான் மறுநாளே போனேன். யோசிப்பது போல் பாவனை செய்யக்கூட எனக்குத் தோன்றவில்லை. அத்தனை ஆசை இருந்தது.

டீயும் பழம்பொரியும் வாங்கி வைத்திருந்தார்கள். எகனாமிக்ஸ் சாரும் வேலை கிடைத்ததற்கு இனிப்போடு வந்திருந்தார். என் நாற்காலியைத் துடைத்துப் பழைய இடத்திலேயே போட்டிருந்தார்கள். எல்லோரும் அன்பாக இருந்தார்கள். நடந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்று பேசுவார்கள், நாளை பேசுவார்கள் என்று நானும் பார்த்தேன். வகுப்பில் பாடம் நன்றாகத்தான் போனது. ஆசிரியர் அறைக்குள் வந்தால் பேச்சு வராது. ஒருவர் எனக்குச் சர்க்கரையை நகர்த்திவைத்தால், என்னை எவ்வளவு சுலபமாக அனுப்ப முடிந்தது என்ற நினைப்பு வரும். பரீட்சைவரை இருந்து பேப்பரை முடித்துக்கொடுத்தேன். அதற்குமேல் வரமாட்டேன் என்று கடைசி வகுப்பன்று சொன்னேன்.

இங்கிலீஷ் சார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மலையாளம் டீச்சர் மட்டும் நின்றார். என்னோடு பேசும்போது அவர் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார்.

“ஞங்ஙளோட தேஷ்யமா, சாரே?”

எங்கள்மேல் கோபமா என்று கேட்கிறார். மாதக்கணக்கில் மனதில் கிடந்தது அப்போதுதான் வாயில் வந்தது.

“நீங்க யாரும் என்மேல ஒரு குத்தமும் சொல்லலையே டீச்சர். பின்ன நான் யாருகிட்ட கோவப்பட?”

டீச்சர் பையை மேஜைமேல் வைத்தார்.

“குத்தம் உண்டாயிருந்தா சண்டை போட்டு கூடவே வெச்சிருப்போம் சாரே. சார் ஒண்ணும் கேக்காத ஆளு. அதுகொண்டுதான் அனுப்ப முடிஞ்சது.”

அது உண்மை. மறுநாள் காலையில் நானாகவே போய்க் கடையைத் திறந்தேன்.