தண்ணீருக்குப் போட்ட கணக்கு

போன ஞாயிறு ஒரு டிரம் தோசை மாவு என் படிப்பைக் கேலி செய்துவிட்டது. அதுவும் நாற்பது பேர் தட்டோடு நிற்கும்போது!

திரவங்கள் எப்படி ஓடுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் நான் தினமும் சாப்பிடுவது வேலாயுதம் அண்ணாச்சியின் டிபன் கடையில். சால்ட் லேக் குடியிருப்பு ஒன்றில் அவருக்கு ஞாயிறு காலை டிபன் ஆர்டர். கடைக்கு வெளியே முதல் ஆர்டர். நன்றாக அமைந்தால் துர்கா பூஜை ஐந்து நாட்களும் அங்கே சாப்பாட்டு ஸ்டால் அவருக்கே.

நான் சும்மா இருந்தேனா?

"அண்ணாச்சி, கரண்டியால மொண்டு ஊத்தினா லேட் ஆகும். டிரம்முக்கு அடியில ஒரு குழாய் வைங்க. செகண்டுக்கு ஒரு தோசை. கணக்குப் போட்டாச்சு!"

"படிச்ச பிள்ள சொல்லுத... வச்சிருவோம்."

முதல்நாள் தண்ணீர் ஊற்றிச் சோதித்தோம். கணக்கு அப்படியே பலித்தது. அண்ணாச்சி கை தட்டினார்.

ஞாயிறு. கல் காய்ந்துவிட்டது. குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு வந்தது. யோசித்தது. நின்றுவிட்டது.

சமன்பாட்டில் தப்பில்லை. உள்ளே போனது வெளியே வந்தாக வேண்டும், அழுத்தினால் வேகம் கூட வேண்டும் - அவ்வளவுதான். ஆனால் நான் எடுத்த சுருக்க வடிவத்துக்குச் சில அனுமானங்கள் உண்டு. உராய்வே இல்லை, அடர்த்தி மாறாது... விரலில் ஒட்டினால் வழித்தெடுக்க வேண்டிய மாவுக்கு உராய்வு இல்லையாம்! புளித்துப் பொங்கி உள்ளெல்லாம் காற்று, அடர்த்தி மாறாதாம்!

"ஓ தாதா, தோசா கோத்தாய்?" - தோசை எங்கே என்று வரிசையிலிருந்து ஒரு மாஷிமா, வயதான வங்காளி அம்மாள்.

"என்ன பிள்ள, ஒன் கணக்கு பூஜ முடிஞ்சுதான் வருமா?"

மூடியைத் தூக்கி எறிந்தார் அண்ணாச்சி. நீளக் கரண்டியால் அடிவரை நாலு சுற்று. மாவு இளகியது. கரண்டியை என் கையில் திணித்தார்.

"கலக்கு. நிறுத்தாத."

இரண்டு மணி நேரம் நான் கலக்க, அவர் மொண்டு ஊற்ற... வரிசை கரைந்தது. மாஷிமா மூன்றாவது தோசைக்கு வந்தார்.

யோசித்தால், நாம் எல்லோருமே தண்ணீரை ஊற்றித்தான் ஒத்திகை பார்க்கிறோம். கண்ணாடி முன்னால் எத்தனை இன்டர்வியூக்களில் ஜெயித்திருக்கிறோம்? மாவு வரும்போதுதானே தெரிகிறது!

கிளம்பும்போது குடியிருப்பின் செக்ரட்டரி வந்து பூஜை ஸ்டாலை உறுதி செய்தார். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல்.

"அஞ்சு நாளும் வந்துரு பிள்ள."

"குழாயைச் சரிபண்ணிக் கொண்டு வரட்டா அண்ணாச்சி?"

"கைய மட்டும் கொண்டா."